அதிமனிதனும் கூலிக் கைகளும்: அன்டி வோர்ஹோலின் ஓவியம் ஒன்று குறித்து

மேனாட்டு நவீன ஓவியம் பற்றி நம்மவரிடையே பேச்செழும்போது பெரும்பாலும் இருவகைக் குரல்களே கேட்கின்றன. 'பொப்' ஓவியம் என்பது முதலாளித்துவ நாகரிகத்தின் சீரழிவு. சூப்புப் பேணியையும் சித்திரக்கதை வீரனையும் பெரிதாக எழுதிவைத்துக் கலையென்று விற்கும் மோசடி. அதைப்பற்றி முற்போக்காளன் சிந்திக்க என்ன இருக்கிறது என்பது ஒரு குரல். சாதாரண மனிதன் அன்றாடம் காணும் பொருள்களுக்கும் உருவங்களுக்கும் கலைக்கூடத்தின் கதவைத் திறந்துவிட்ட சனநாயகக் கலை அது என்பது மற்றைய குரல். முன்னையது கோபத்திலும் பின்னையது வியப்பிலும் பிறப்பவை. இரண்டுமே ஓவியத்தை உற்று நோக்குவதற்கு முன்னரே தீர்ப்பை எழுதிவிடுகின்றன. கலையைச் சமுதாய வரலாற்றோடு பொருத்தி ஆராய வேண்டும் என்று வற்புறுத்தும் நாம், நமக்கு உவப்பில்லாத கலை எதிர்ப்படும்போது மட்டும் அந்நெறியைக் கைவிடுதல் பொருந்தாது.

ஆகவே பொப் ஓவியம் முழுவதையும் ஒரே மூச்சில் ஏற்கவோ தள்ளவோ முற்படாது, ஒரேயோர் ஓவியத்தை எடுத்து ஆராய்வோம். அமெரிக்க ஓவியர் அன்டி வோர்ஹோல் 1961ஆம் ஆண்டில் தீட்டிய 'சூப்பர்மேன்' என்பதே அது. பாற்சத்திலிருந்து செய்யப்படும் கேசீன் வண்ணத்தையும் மெழுகு வண்ணக்கட்டியையும் கொண்டு கன்வஸில் எழுதப்பட்டது. ஏறத்தாழ ஓர் ஆளின் உயரமுடையது. நீல உடையும் சிவப்புப் போர்வையும் அணிந்த வீரன் வானிலே மிதந்தபடி வாயால் ஊதுகிறான். ஊதும் ஓசையைக் குறிக்கும் சொல்லொன்று பெரிய எழுத்துக்களில் நிற்கிறது. சித்திரக்கதைகளில் வழக்கமாகக் காணப்படும் எண்ண மேகமும் உண்டு. தன் மூச்சின் வலிமையாலேயே காட்டுத்தீயை அணைத்துவிட்டதாக வீரன் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் வாசகம் மூலப்படத்தின் அந்த மேகத்தில் இருந்தது. ஓவியத்திலோ அவ்வெழுத்துக்கள் மங்கி, அரைகுறையாகவே தெரிகின்றன. மெழுகுக்கட்டியின் கிறுக்கற் கோடுகள் உருவத்தோடு இசைந்தும் இசையாமலும் ஓடுகின்றன.

அச்சிட்ட சித்திரக்கதையின் துப்புரவான கோட்டையும் சமனான வண்ணத்தையும் எதிர்பார்த்து வருபவருக்கு இது முடிவுறாத வேலையாகத் தோன்றும். வோர்ஹோலின் பிற்கால ஓவியங்களைப் போற்றுவோரிற் பலர், தம் வழியை அவர் இன்னும் கண்டுகொள்ளாத காலத்தின் தடுமாற்றம் என்றே இக்கிறுக்கல்களைக் கருதுவர். இக்கட்டுரையின் கருத்து வேறு. இவ்வோவியத்தில் உண்மையானது எதுவோ அது இக்கிறுக்கலிலும் இம்மங்கிய எழுத்திலுமே தங்கியிருக்கிறது. அவ்வுண்மை உழைப்பைப் பற்றியது. இதனை நிறுவுவதற்கு ஓவியத்தின் நாயகன் யார், அவனை ஆக்கியவர் யார், அவனை உடைமையாக வைத்திருந்தவர் யார் என்ற வினாக்களிலிருந்து தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்திலே பள்ளி மாணவராயிருந்த ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் என்னும் இருவரே சூப்பர்மேனைப் படைத்தவர்கள். ஒருவர் கதை எழுதினார். மற்றவர் படம் வரைந்தார். இருவரும் யூதக் குடியேறிகளின் பிள்ளைகள். 1929ஆம் ஆண்டின் பொருளாதார வீழ்ச்சியைத் தொடர்ந்து ஆலைகள் மூடப்பட்டு, வேலையற்றோர் வீதிகளில் வரிசையாக நின்ற காலம் அது. 1932இல் சீகலின் தந்தை தமது கடையில் நிகழ்ந்த கொள்ளையின்போது மாரடைப்பால் மாண்டார். 'அதிமனிதன்' என்ற சொல் நீட்சேயின் தத்துவத்திலும் பேர்னாட் ஷாவின் நாடகத்திலும் ஏற்கெனவே வழங்கியதே. ஜெர்மனியில் ஹிட்லரின் ஆட்சி அக்கருத்தை இனவெறிக்குத் துணையாக்கிக்கொண்டிருந்த அதே வேளையில், இவ்விளைஞர் இருவரும் அதற்கு நேர்மாறான பொருளைக் கற்பித்தனர். அவர்களுடைய அதிமனிதன் எளியவரை அடக்குபவனல்லன். எளியவருக்காக வலியவரை எதிர்ப்பவன். பத்திரிகை நிறுவனங்கள் பல ஆண்டுகளாக மறுத்துவந்த இக்கதை, இறுதியில் 1938 யூன் மாத இலக்கமிட்ட 'அக்ஷன் கொமிக்ஸ்' முதலாம் இதழில் வெளியாயிற்று.

அந்த முதற்கால இதழ்களில் இவ்வீரன் செய்த செயல்கள் இன்று பலருக்கும் வியப்பளிக்கும். குற்றமற்ற பெண்ணொருத்தியை மரண தண்டனையிலிருந்து காக்கிறான். மனைவியை அடிக்கும் கணவனைத் தண்டிக்கிறான். ஆயுத உற்பத்தியாளன் ஒருவனைப் போர்க்களத்துக்கே இழுத்துச் சென்று, தான் விற்கும் பண்டத்தின் பயனை நேரிற் காணச் செய்கிறான். 1938ஆம் ஆண்டின் மூன்றாம் இதழிலே, பாதுகாப்பற்ற சுரங்கத்தில் தொழிலாளி ஒருவன் அகப்பட்டுக்கொள்கிறான். சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளியாக வேடம் பூண்டு, சுரங்க முதலாளியையும் அவனுடைய விருந்தினரையும் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே அடைபடச் செய்கிறான். இருளும் மூச்சுத் திணறலும் இன்னவை என்று அறிந்த பின்னரே முதலாளி பாதுகாப்பு வசதிகளுக்கு இணங்குகிறான். 1939 சனவரியில் வெளிவந்த எட்டாம் இதழில், ஏழைகள் வாழும் பாழடைந்த சேரிக் கட்டடங்களை வீரன் தன் கையாலேயே இடித்துத் தள்ளுகிறான். அரசு அவ்விடத்தில் நல்ல வீடுகளைக் கட்ட வேண்டிய நிலை உண்டாகிறது.

இவை முதிர்ந்த சமுதாய ஆய்வின் விளைவுகள் என்று கூற முடியாது. தொழிலாளர் ஒன்றுபட்டுப் போராடிப் பெற வேண்டியதைத் தனியொருவன் தோள்வலியாற் பெற்றுத் தருகிறான் என்பது கற்பனாவாதமே. ஆயினும் அக்கற்பனையின் கோபம் யாரை நோக்கியது என்பது தெளிவு. சுரங்கத்தில் மனிதன் சாவதற்கு இயற்கை காரணமன்று, முதலாளியின் இலாப வேட்கையே காரணம் என்ற அறிவு அக்கதையிலே இருந்தது. 1940 ஏப்ரலில் ஹிட்லரின் எஸ்.எஸ். படையின் வார இதழ் சீகலைப் பெயர் சுட்டி இகழ்ந்து எழுதியதும் இங்கு நினைக்கத்தக்கது.

அக்கோபம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. கதையின் விற்பனை பெருகப் பெருக, உடைமையாளரின் கவனமும் பெருகியது. வீரன் மெல்ல மெல்லச் சட்டத்தின் காவலனாகவும் போர்க்காலத்தில் தேசப் பிரசாரத்தின் சின்னமாகவும் மாறினான். 1954ஆம் ஆண்டில் சித்திரக்கதைகள் சிறுவரைக் கெடுக்கின்றன என்ற பெரும் கூக்குரல் எழுந்து, அமெரிக்க செனற் சபையின் உபகுழுவொன்று விசாரணை நடத்தியது. மக்கார்த்தி விசாரணைகள் நடைபெற்ற ஆண்டும் அதுவே. அச்சமடைந்த பதிப்பாளர்கள் தாமே கட்டுப்பாட்டு விதிகளை வகுத்துக்கொண்டனர். பொலிசார், நீதிபதிகள், அரச அதிகாரிகள், மதிப்புக்குரிய நிறுவனங்கள் ஆகியோர்மீது மரியாதைக் குறைவு தோன்றுமாறு எதையும் சித்திரித்தலாகாது என்பது அவ்விதிகளில் ஒன்று. சுரங்க முதலாளியைச் சுரங்கத்தில் அடைக்கும் கதைக்கு இனி இடமேது?

வோர்ஹோல் தமது ஓவியத்துக்கு மூலமாகக் கொண்ட படம், 1961 ஏப்ரல் இலக்கமிட்ட 'சூப்பர்மேனின் தோழி லோயிஸ் லேன்' என்னும் சித்திரக்கதையின் 24ஆம் இதழில் வந்தது. அதிலே வீரன் காட்டுத்தீயை ஊதி அணைக்கிறான். 23 ஆண்டுகளில் நிகழ்ந்த மாற்றத்தின் அளவை இவ்விரு காட்சிகளையும் பக்கத்திற் பக்கமாக வைத்தால் உணரலாம். அன்று அவனுடைய பகைவன் மனிதன் செய்த அநீதி. இன்று அவனுடைய பகைவன் இயற்கை. அன்று சுரங்கத்துள் இறங்கினான். இன்று வானத்தில் மிதக்கிறான். காட்டுத்தீயை அணைப்பதால் எந்த உடைமையாளனும் வருத்தமடைவதில்லை. இத்தாலிய அறிஞர் உம்பேர்ட்டோ எக்கோ 1962இல் எழுதிய கட்டுரையொன்றில் இந்நிலையை நன்கு விளக்கினார். உலகையே மாற்றும் ஆற்றல் கொண்ட இவ்வீரனுக்குத் தீமை என்பது தனியுடைமையின்மீதான தாக்குதலாக மட்டுமே தோன்றுகிறது என்றும், நன்மை என்பது தருமம் செய்வதாக மட்டுமே தோன்றுகிறது என்றும் அவர் காட்டினார்.

கதையின் பொருள் மாறியதைக் கண்டோம். கதையை ஆக்கியவரின் நிலை என்ன? 1938இல் சீகலும் ஷுஸ்டரும் சூப்பர்மேனின் உரிமை முழுவதையும் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். முதற் கதையின் 13 பக்கங்களுக்குப் பக்கத்துக்குப் பத்து டொலர் என்ற கணக்கிலான கூலி அது. அக்கூலியோடு, அப்பாத்திரம் என்றென்றைக்கும் ஈட்டக்கூடிய வருவாயும் கைமாறிற்று. 1947இல் உரிமைகோரி வழக்குத் தொடுத்தனர். பாத்திரத்தின் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அவர்களுடைய பெயர்களும் இதழ்களிலிருந்து நீக்கப்பட்டன. ஷுஸ்டரின் கண்பார்வை மங்கியது. இருவரும் வறுமையில் உழன்றனர். சூப்பர்மேனைப் பெருஞ்செலவில் திரைப்படமாக்கும் ஏற்பாடுகள் நடந்த 1975ஆம் ஆண்டிலே சீகல் பத்திரிகைகளுக்கு முறையிட்டார். ஓவியர்களும் எழுத்தாளர்களும் துணைநின்றனர். அதன் பின்னரே உடைமை நிறுவனம் ஆளுக்கு ஆண்டொன்றுக்கு 20,000 டொலர் உதவித்தொகை தரவும், படைத்தவர் பெயரை மீண்டும் அச்சிடவும் இணங்கியது. சட்டம் தந்த உரிமையாக இது வரவில்லை. பொதுமக்கள் முன் நாணியதன் விளைவாகவே வந்தது.

இன்னுமொரு செய்தி. அந்த 130 டொலரும் வேறு சில கொடுப்பனவுகளும் அடங்கிய 412 டொலர்க் காசோலை, 2012இல் ஏலத்தில் 160,000 டொலருக்கு விலைபோனது. முதலாம் இதழின் பிரதியொன்று 2024 ஏப்ரலில் 60 இலட்சம் டொலருக்கு விற்கப்பட்டது. படைத்தவர் உயிரோடிருந்தபோது அவர்களுக்குக் கிட்டாத பணம், அவர்களுக்குக் கூலி கொடுத்த தாளுக்குக் கிட்டியிருக்கிறது.

இனி, வோர்ஹோல் பின்பற்றிய அக்குறிப்பிட்ட படத்தை வரைந்தவர் யார்? கேர்ட் ஷாஃபன்பேர்கர் என்பவர். ஜெர்மனியிற் பிறந்து, சிறுவயதில் அமெரிக்காவுக்கு வந்து குடியேறியவர். 'லோயிஸ் லேன்' இதழ்களைப் பல ஆண்டுகள் வரைந்தவர். எழுதியவர் இன்னார், வரைந்தவர் இன்னார் என்று முறையாக அச்சிடும் வழக்கம் அக்காலத்தில் அந்நிறுவனத்திடம் இருக்கவில்லை. பக்கக் கூலி வாங்கி வரைந்தளித்த படம் நிறுவனத்தின் சொத்து; வரைந்தவருக்கு அதன்மீது எவ்வுரிமையும் இல்லை. ஓவியக் கூடத்திலே வோர்ஹோலின் பெயரைப் படிப்பவர்களில் எத்தனை பேர் ஷாஃபன்பேர்கரின் பெயரைக் கேட்டிருப்பர்?

இதைக் கொண்டு வோர்ஹோலைத் திருடன் என்று கூறிவிடுவது எளிது. ரோய் லிக்டன்ஸ்ரைன் முதலான பொப் ஓவியர்கள்மீது அக்குற்றச்சாட்டு அடிக்கடி சுமத்தப்படுகிறது. அதில் நியாயமும் உண்டு. ஆனால் வோர்ஹோலின் வாழ்வை நோக்குமிடத்து விடயம் சற்றுச் சிக்கலாகிறது. அவர் 1928இல் பிற்ஸ்பேர்க் என்னும் உருக்காலை நகரிலே, கிழக்கு ஐரோப்பாவின் மலைக்கிராமத்திலிருந்து வந்த உடலுழைப்புத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறுவயதில் நரம்பு நோயால் நீண்டகாலம் படுக்கையிற் கிடந்தபோது சித்திரக்கதைகளும் திரைநடிகர் படங்களுமே அவருக்குத் துணை. சூப்பர்மேன் தோன்றியபோது அவருக்கு வயது ஒன்பது. 1949இல் நியூயோர்க்குக்கு வந்து, பத்தாண்டுக்கு மேலாகச் சப்பாத்துக்கும் வாசனைத் திரவியத்துக்கும் விளம்பரப்படம் வரைந்து பிழைத்தார். அவரும் கூலிக்கு வரைந்தவரே. வாடிக்கையாளர் 'மாற்று' என்றால் மாற்றி வரைந்து கொடுத்தவரே.

ஆகவே இந்தக் கன்வஸில் சேர்ந்திருப்பவை பல தலைமுறைக் கூலிக் கைகள். ஷுஸ்டர் உருவாக்கிய உருவத்தை ஷாஃபன்பேர்கர் கூலிக்கு வரைந்தார். ஷாஃபன்பேர்கரின் படத்தை விளம்பர ஓவியரான வோர்ஹோல் பெரிதாக்கி எழுதினார். அந்த ஓவியம் முதன்முதலில் எங்கே காட்சிக்கு வைக்கப்பட்டது என்பதும் தற்செயலன்று. 1961 ஏப்ரலில் நியூயோர்க்கின் ஐந்தாம் அவெனியூவிலிருந்த பொன்விற் ரெல்லர் என்னும் ஆடம்பர ஆடையங்காடியின் காட்சிச் சாளரத்திலே, புதுப்பாணி உடையணிந்த பொம்மைகளுக்குப் பின்னால், வேறு நான்கு ஓவியங்களுடன் இதுவும் நின்றது. விலையுயர்ந்த சட்டைக்குப் பின்திரையாக உழைப்பாளரின் வீரன் நிறுத்தப்பட்டான். அக்கட்டடம் 1980இல் டிரம்ப் கோபுரத்துக்காக இடிக்கப்பட்டது. முறையான ஆவணங்களற்ற போலந்துத் தொழிலாளர் பலர் அற்பக் கூலிக்கு அவ்விடிப்பு வேலையில் ஈடுபடுத்தப்பட்டதும், அவ்விவகாரம் பல ஆண்டுகள் நீதிமன்றத்தில் நடந்ததும் பதிவான வரலாறு. சேரிக் கட்டடங்களை இடித்த பழைய சூப்பர்மேனை எண்ணி, அச்சாளரம் இருந்த இடத்தின் கதையையும் எண்ணினால், ஒப்புமை தானாகவே விளங்கும்.

இப்போது கிறுக்கல்களுக்கு வருவோம். அக்காலத்தில் நியூயோர்க் ஓவிய உலகை ஆண்டது அரூப வெளிப்பாட்டுவாதம். ஜக்சன் பொலொக், வில்லெம் டி கூனிங் முதலியோர் வண்ணத்தைச் சிந்தியும் வீசியும் இழுத்தும் தீட்டினர். கையின் ஒவ்வோர் அசைவும் கலைஞனின் சுதந்திர ஆன்மாவின் வெளிப்பாடு என்று விமர்சகர் போற்றினர். வோர்ஹோல் தமது சித்திரக்கதை ஓவியங்களிலே சிந்தலையும் கிறுக்கலையும் விட்டுவைத்தது, அந்த ஆட்சிக்குச் செலுத்திய திறை என்று பொதுவாக விளக்கப்படுகிறது. நோக்கம் அதுவாகவே இருக்கலாம். விளைவு வேறு.

ஓர் ஒப்பீடு இதனைத் தெளிவாக்கும். வோர்ஹோலின் கல்லூரித் தோழரும், 1949இல் அவருடன் சேர்ந்தே நியூயோர்க்குக்கு வந்தவருமான பிலிப் பேர்ல்ஸ்ரைன், 1952இலேயே சூப்பர்மேனை ஓர் எண்ணெய்வண்ண ஓவியமாகத் தீட்டியிருந்தார். அதிலே ஓவியரின் தடித்த தூரிகைத் தீட்டலே ஓங்கி நிற்கிறது. வீரன் அத்தீட்டலுக்கு ஒரு சாட்டு மட்டுமே. இன்னொருவன் கூலிக்கு வரைந்த கோடு அதில் இல்லை. வோர்ஹோலின் ஓவியத்திலோ ஷாஃபன்பேர்கரின் கோடு அப்படியே அடியில் இருக்கிறது. மெழுகுக்கட்டி அதன்மேல் ஓடுகிறது. 'இது நான்' என்று அக்கிறுக்கல் முழங்கவில்லை. பிறர் போட்டுக் கொடுத்த எல்லைக்கோட்டுக்குள் வண்ணம் நிரப்பும் வேலையாளின் கைபோல அது போய்வருகிறது. சில இடங்களில் களைத்ததுபோல் நின்றும் விடுகிறது. அச்சு இயந்திரம் மறைத்துவிட்ட ஓர் உண்மையை, அதாவது எந்திரத்தினின்று பிறந்ததுபோற் காணப்படும் இவ்வீரனும் மனிதக் கைகளால், மணிக்கணக்கான உழைப்பால் ஆக்கப்பட்டவனே என்ற உண்மையை, அது வெளிக்கொணர்கிறது.

மங்கிய எழுத்துக்களும் அவ்வாறே. வீரன் தன்னைப் புகழும் வாசகம் அழிந்துபோக, ஊதும் ஓசை மட்டும் எஞ்சுகிறது. தன் வலிமை எதற்காக என்று சொல்லும் சொல்லை இழந்த வலிமை அது. சுரங்கத்தில் இறங்கியவனிடம் அச்சொல் இருந்தது. அவன் வானத்துக்கு ஏற்றப்பட்டபோது அது பறிபோயிற்று, எஞ்சியது வெறுங்காற்றே.

வோர்ஹோல் இவ்வளவையும் எண்ணித்தான் தீட்டினாரா என்று வாசகர் கேட்கலாம். அவ்வாறு நாம் கூறவில்லை. அவர் தம்மைச் சமுதாய விமர்சகராகக் காட்டிக்கொள்ளாதவர். பணத்தையும் புகழையும் வெளிப்படையாகவே விரும்பியவர். ஆனால் கலைஞனின் கொள்கையும் அவனுடைய படைப்புக் காட்டும் உண்மையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது நாம் நன்கறிந்த உண்மை. முடியாட்சியை ஆதரித்த பல்சாக்கின் நாவல்களிலே பிரான்சியச் சமுதாயத்தின் மெய்யான இயக்கம் வெளிப்பட்டதை ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதமொன்றில் எடுத்துக்காட்டினார். பல்சாக்குக்கு நாம் அளிக்கும் இந்நீதியை வோர்ஹோலுக்கு மறுப்பானேன்? நோக்கத்தை விசாரித்துத் தண்டிப்பது விமர்சகனின் தொழிலன்று.

இக்கைத்தடத்தை வோர்ஹோல் விரைவிலேயே கைவிட்டார். அதற்கு ஒரு கதை உண்டு. கொக்கா கோலாப் போத்தலின் இரு ஓவியங்களை அவர் தம் நண்பர் எமீல் டி அன்ரோனியோவுக்குக் காட்டினார். ஒன்றில் தூரிகைக் கிறுக்கல்கள் இருந்தன. மற்றையது துப்புரவான கோட்டாலானது. முன்னையது பயனற்றது, பின்னையதே நம் காலத்தின் படம் என்று நண்பர் தீர்ப்பளித்தார். அந்த டி அன்ரோனியோ பிற்போக்காளரல்லர். மக்கார்த்தி விசாரணைகளைப் பற்றி 1964இலும் வியட்நாம் போரைப் பற்றி 1968இலும் விவரணப்படங்களை உருவாக்கிய இடதுசாரி அவர். இயந்திர உற்பத்தியின் யுகத்தைக் காட்ட இயந்திரம் போன்ற கோடே ஏற்றது என்ற அவரது நோக்கில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் பொருளைப் பளிச்சென்று காட்டி, அதைச் செய்த கையை மறைப்பதே சந்தையின் இயல்பு. மார்க்ஸ் 1867இல் வெளியிட்ட 'மூலதனம்' முதற்பாகத்தில் பண்டங்களின் மாயத்தன்மை பற்றிக் கூறியதன் சாரம் இதுவே: மனிதருக்கிடையிலான உழைப்புறவு பொருள்களுக்கிடையிலான உறவாகத் தோற்றமளிக்கிறது. துப்புரவான போத்தல் அத்தோற்றத்தை அப்படியே மீண்டும் நமக்குத் தருகிறது. கிறுக்கல் படிந்த சூப்பர்மேன் அத்தோற்றத்தில் ஒரு கீறலை உண்டாக்குகிறான். எது நம் காலத்தின் படம் என்பதில் அந்த இடதுசாரி நண்பருடன் நாம் உடன்பட முடியாது.

அதன் பின்னர் நடந்தவை யாவரும் அறிந்தவை. லிக்டன்ஸ்ரைனின் சித்திரக்கதை ஓவியங்களைக் கண்ட வோர்ஹோல் அத்துறையை விட்டு நீங்கினார். 1962 யூலையில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் 32 சூப்புப் பேணி ஓவியங்களைக் காட்சிப்படுத்தினார். தொடர்ந்து பட்டுத்திரை அச்சு முறையைக் கைக்கொண்டார். அவருடைய பணிக்கூடம் 'தொழிற்சாலை' என்றே பெயர் பெற்றது. 1963இல் அச்சுப்பணிக்கு உதவியாளராகச் சேர்ந்த இளங்கவிஞர் ஜெராட் மலங்காவுக்குக் கிடைத்த ஊதியம் மணிக்கு ஒன்றேகால் டொலர். சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலி அது. கூலிக்கு வரைந்தவர் இப்போது கூலிக்கு ஆள் வைத்தார். முன்பு மற்றவர் கையை மறைத்த பெயர்கள் பதிப்பகங்களின் பெயர்கள். இப்போது அப்பெயர் 'வோர்ஹோல்'.

1981இல் அவர் மீண்டும் சூப்பர்மேனிடம் வந்தார். 'தொன்மங்கள்' என்ற தலைப்பில் வெளியிட்ட பத்துத் திரையச்சுப் படங்களில் ஒன்று அவ்வீரனைப் பற்றியது. அச்சுப்பணியைச் செய்தவர் வேறொருவர். அதன்மேல் தூவப்பட்டது வைரத்தூள் எனப்படும் மினுங்கும் பொடி. 1961இல் பள்ளிச் சிறுவனும் வாங்கக்கூடிய மெழுகுக்கட்டி, 1981இல் வைரத்தூள். இடையே கழிந்த இருபதாண்டுகளில் ஓவியருக்கும் அவருடைய வீரனுக்கும் நேர்ந்ததை இவ்விரு பொருள்களுமே சொல்லிவிடுகின்றன. பிந்திய படத்தில் திறமை உண்டு, அழகும் உண்டு. ஆனால் பார்ப்பவருடைய கேள்விகளையெல்லாம் அந்த மினுக்கம் விழுங்கிவிடுகிறது.

1961ஆம் ஆண்டு ஓவியத்தின் குறையையும் மறைக்காது கூற வேண்டும். அதிலே மக்கள் இல்லை. காடு எரிந்ததால் வீடிழந்தவர் யார், தீயணைக்கப் போராடியவர் யார் என்று அது கேட்கவில்லை. வானத்தில் ஒருவன், அவனுடைய மூச்சு, அவ்வளவே. 1938இன் கதையிற் குறைந்தபட்சம் சுரங்கத் தொழிலாளியின் முகமாவது இருந்தது. கூட்டு வாழ்வையும் கூட்டுப் போராட்டத்தையும் காட்டும் கலைக்கு இவ்வோவியம் மாற்றீடாகாது. அது நமக்கு வழிகாட்டுவதன்று, ஒரு சான்று. ஆனால் நேர்மையான சான்றுகள் அரிதாகவே கிடைக்கின்றன.

ஆசிரியராகிய நமக்கும் மாணவருக்கும் இதனால் ஆகும் பயன் யாது? நம் பாடசாலைப் பிள்ளைகளின் புத்தகப் பைகளிலும் சட்டைகளிலும் இவ்வீரனுடைய முத்திரை இருக்கிறது. அதைக் கண்டு முகஞ்சுளிப்பதாலோ, சித்திரக்கதைப் புத்தகத்தைப் பறித்து அலுமாரியில் பூட்டுவதாலோ அவர்கள் எதையும் கற்றுக்கொள்வதில்லை. 'பிள்ளைகள் விரும்புவது எதுவோ அதுவே கலை' என்று கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் கல்வியன்று. அந்தப் படத்தை மேசையில் வைத்து, இதை வரைந்தவர் யார், அவர் பெயர் ஏன் இதில் இல்லை, அவருக்கு எவ்வளவு கிடைத்தது, இது இப்போது யாருடைய சொத்து, இவ்வீரன் யாரோடு மோதுகிறான், யாரோடு மோத மறுக்கிறான் என்று கேட்கப் பழக்குவோம். இவ்வினாக்களைச் சித்திரக்கதைமேற் கேட்கக் கற்ற மாணவன் நாளை காவியத்தின்மேலும், கோபுரத்தின்மேலும், தான் அணிந்திருக்கும் சட்டையின்மேலும் கேட்பான்.

சீகலும் ஷுஸ்டரும் கூட்டாகக் குரலெழுப்பிய நண்பர்களின் துணையாலேயே தம் பெயரை மீட்டனர். அவர்கள் படைத்த அதிமனிதன் வந்து அவர்களை மீட்கவில்லை. ஷுஸ்டர் 1992இலும் சீகல் 1996இலும் காலமாயினர். வானத்தில் மிதக்கும் அவ்வீரனின் உருவத்தின்மேல் ஓடும் மெழுகுக் கிறுக்கலைப் பார்க்கும்தோறும் அந்தக் கைகளையே நாம் நினைக்க வேண்டும். கலைக்கூடங்களின் பெயர்ப்பலகை அவற்றைச் சொல்லாதுவிடினும், சொல்வது விமர்சனத்தின் கடமை.